அம்மை வார்த்தல்: வேங்கட எல்லையில் ஒரு தீராநோயின் பண்பாட்டுப் பொருள்

பெரியம்மை கண்டவரைக் குறித்துத் தமிழர் ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்பர். தெலுங்கர் ‘அம்மவாரு போசிந்தி’ என்பர். வார்த்தல் என்பது நீர்மப் பொருளை ஊற்றுதல். ‘போயு’ என்னும் தெலுங்கு வினை ஊற்றுதலோடு தானியம் முதலியவற்றைச் சொரிதலையும் குறிக்கும். காய்ச்சல் அடிக்கிறது, சளி பிடிக்கிறது, வயிறு வலிக்கிறது. வார்ப்பது அம்மை ஒன்றே. இரு மொழிகளிலும் இந்நோய் உடலுக்குள் தோன்றுவதாகச் சொல்லப்படவில்லை. ஒரு பெண் மேலிருந்து சொரிவதாகவே சொல்லப்படுகிறது. தொடரின் எழுவாய் நோயன்று, தாய்.

சித்தூருக்குக் கிழக்கிலுள்ள கங்காதர நெல்லூர் போன்ற வட்டாரங்களில் இவ்விரு தொடர்களும் அருகருகே வழங்கியவை. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைக்கப்பட்டபோதும் ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியெல்லை இத்தனை முறை நகர்ந்தும், அம்மையைப் பற்றிய பேச்சு எல்லைக்கு இருபுறமும் ஒன்றாகவே இருந்துவந்துள்ளது. (ஊர்ப்பெயரிலுள்ள கங்கை சிவன் சடையில் தாங்கியவள். கோடைதோறும் இவ்வட்டாரம் ஜாத்திரை எடுக்கும் கங்கம்மா ஊரைத் தாங்குபவள். பெயரொற்றுமை கொண்டு இருவரையும் ஒருத்தியாக்க வேண்டியதில்லை.)

இந்நோயின் பண்பாட்டுப் பொருளைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்குகின்றன. அம்மன் நம்பிக்கை மூடத்தனம், அது தடுப்பூசியை மறித்து உயிர்களைக் கொன்றது என்பது ஒன்று. வேப்பிலையும் கூழும் முன்னோரின் நுண்ணுயிர் அறிவியல் என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவையாகத் தோன்றினும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றன. அம்மனை ஒரு மருந்தாகக் கொண்டு, அம்மருந்து பலித்ததா இல்லையா என்றே இரண்டும் கேட்கின்றன. மருந்தே இல்லாத நோயின் முன் ஒரு சமூகம் எதைக் கேட்டது என்பதை இரண்டும் கேட்கவில்லை.

மருந்தில்லை என்பது மிகையன்று. தடுப்பு முறை இல்லாதாரிடையே பெரியம்மையின் கொடிய வகை ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேரைக் கொன்றது. பிழைத்தவர் தழும்போடும், சிலர் கண்ணிழந்தும் வாழ்ந்தனர். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏழாயிரம் நோயாளர் அளவில் கண்டறிந்தவற்றை மருத்துவர் ஏ. ஆர். ராவ் 1972இல் நூலாக்கினார். அந்நாளிலும் நோய் கண்டபின் அதனைத் தீர்க்கும் மருந்து அவர்தம் கையில் இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளர் 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்டார். 1980 மே 8இல் உலகச் சுகாதாரப் பேரவை நோய் ஒழிந்ததாக அறிவித்தது. பெரியம்மைக்கென அமெரிக்க அரசு ஏற்பளித்த முதல் மருந்தாகிய டெகோவிரிமாட் வந்தது 2018இல். அதாவது நோய் ஒழிந்து 38 ஆண்டுகளுக்குப் பின். தன் வரலாறு முழுவதும் தீராநோயாகவே இருந்து மறைந்த நோய் இது.

இலக்கியத்தில் தீராநோய்

தீராநோய்க்குப் பொருள் காணும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில் காயசண்டிகை என்னும் விஞ்சைமகள் விருச்சிக முனிவனின் நாவற்கனியைக் காலால் சிதைக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவன் உண்ணும் கனி அது. அவன் சாபத்தால் எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றுகிறது. ஆயுர்வேத நூல்கள் பஸ்மகம் எனக் கூறும் அடங்காப் பசிநோயை ஒத்தது இது. அமுதசுரபியின் ஒரு பிடிச் சோறு அதனைத் தீர்க்கிறது. ஆனால் நோய் தீர்ந்து ஊர் திரும்பும் வழியிலேயே விந்தியத்தைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் அவள் மறைகிறாள். அவளைத் தேடிவந்த கணவன் காஞ்சனனால் உதயகுமரன் வெட்டுண்கிறான். பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரின் சூலையும் பாண்டியனின் வெப்பும் சமணர் தீர்க்க இயலாத நோய்கள். இம்மூன்றிலும் நோய் ஒருவருக்கு உரியது. அவர் செய்த வினையையோ அவர் செல்லவேண்டிய நெறியையோ அது காட்டுகிறது. நோயாளியே கதையின் பொருள்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை காட்டுவது வேறொரு வகை. நெடுஞ்செழியன் தவறிய நாள்முதல் பாண்டிநாட்டில் மழை பொய்க்கிறது, வறுமை வருகிறது, வெப்புநோயும் குருவும் தொடர்கின்றன. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழாவெடுத்துச் சாந்தி செய்ய, மழை பெய்து நோயும் துன்பமும் நீங்குகின்றன. குரு என்பது கொப்புளம். அம்மை வகையைச் சார்ந்ததாக அதனைக் கொள்வது பொருந்தும். இன்றைய மருத்துவம் கூறும் பெரியம்மையே அது என்று துணிவதற்கு இச்சொல் ஒன்று போதாது. உரைபெறு கட்டுரையைப் பிற்சேர்க்கை எனக் கருதுவாரும் உளர். பிற்சேர்க்கையாயினும் அது ஒரு தமிழ்ச் சமூகத்தின் கருத்தே. அதில் நோயுற்றவர் எவரும் பெயர் பெறவில்லை, எவரும் பாவம் செய்தவராகக் காட்டப்படவில்லை. தவறியவன் அரசன், சினந்தவள் ஒரு பெண், வெந்தது நாடு, விழாவெடுத்தவன் அடுத்த அரசன். ஆயிரம் பொற்கொல்லர் செய்த குற்றம் என்ன என்னும் வினாவை அந்நூல் எழுப்பவில்லை. ஊரின் வெம்மையைத் தணிக்கும் செலவு எப்போதும் குற்றவாளியிடமிருந்தே பெறப்படுவதில்லை என்பதற்கும் அதுவே சான்று.

வடமொழி மருத்துவ மரபில் சரகமும் சுசுருதமும் சிறிதளவே பேசிய மசூரிகைக்கு மாதவ நிதானம் தனி இயல் ஒதுக்கியது. 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் மருத்துவ நூலாக இருந்தும் சீதளா தேவியின் துதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மருத்துவமே தன் எல்லையை ஒப்புக்கொண்ட இடமாக இதனைக் கருதலாம்.

பாளையக்காரனும் கங்கம்மாவும்

திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் எடுக்கப்படும் ஜாத்திரையின் கதை, பாண்டிநாட்டு நிகழ்வுக்கு வியப்பூட்டும் அளவுக்கு அண்மையில் நிற்கிறது. ஊரை ஆண்ட பாளையக்காரன் (தெலுங்கில் பாலெகாடு) மணமாகும் பெண்களைச் சீரழித்துவந்தான். அவிலாலாவோடு தொடர்புடைய கங்கம்மா அவன் தன்னைத் தீண்ட முற்பட்டபோது தன் உண்மை உருவைக் காட்ட, அவன் அஞ்சி ஒளிந்தான். பைராகி, பண்டா, தோட்டி எனப் பல வேடங்களில் அவனை ஊரெங்கும் தேடினாள். தன்னினும் பெரிய தொரை வந்திருப்பதாக எண்ணி அவன் வெளிப்பட்டபோது தலையைக் கொய்தாள். ஜாத்திரை நாள்களில் இவ்வேடங்களைக் கைக்கால குடும்பத்தார் மரபுரிமையாகப் பூணுகின்றனர். தமிழ்ப்பகுதிக் கைக்கோளரோடு தொடர்புடையவராகக் கருதப்படும் நெசவாளர் மரபினர் இவர். ஊர் ஆண்கள் நேர்ந்துகொண்டு சேலையுடுத்தி, பூச்சூடிப் பெண்வேடத்தில் கோயிலுக்கு வருகின்றனர். கங்கம்மாவைத் திருமலை வேங்கடவனின் தங்கையாகக் கொண்டு, கோயில் சார்பில் சேலையும் மஞ்சளும் குங்குமமும் சீராக வருகின்றன.

கதையில் நோய் எங்கே என்னும் வினா எழும். பாளையக்காரனைக் கொன்றபின்னும் அவள் உக்கிரம் தணிவதில்லை என்பதில்தான் நோய் இருக்கிறது. தவற்றை அழிக்கப் போதுமான அளவினும் மிகுந்த வெம்மை அவளிடம் எஞ்சுகிறது. அதனைத் தாங்கும் வலிமை மனித உடலுக்கு இல்லாமையால் அது கொப்புளமாகிறது. ஜாத்திரை இந்த எச்சத்தை ஏற்பதற்கான ஏற்பாடு. பெண்கள் பொங்கலிட்டுக் கேழ்வரகு அம்பலி (தமிழில் கூழ்) படைத்துக் குளிர்விக்கின்றனர். திருப்பதி விழாவை விரிவாக ஆராய்ந்து 2013இல் நூல் வெளியிட்ட ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், பெண்வேடம் பூணுவதன் வழியே ஆண்கள் தம் வன்மையைக் களைந்து அவளைத் தாங்கும் தகுதி பெறுவதை உணர்த்துகிறார். அவ்விளக்கத்தைச் சற்று நீட்டினால், பாளையக்காரனின் ஆண்மையே நோயின் தோற்றுவாய் என்பது புலனாகும்.

பாளையக்காரன் வெறும் புராணப் பாத்திரம் அல்லன். விசயநகரக் காலத்திற்குப் பின் சித்தூர்ச் சீமை பாளையங்களாகவே ஆளப்பட்டது. 1801இல் கர்நாடகம் கும்பினியார் கைக்குச் சென்றபின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சித்தூர்ப் பாளையக்காரர் எதிர்த்தெழுந்து ஒடுக்கப்பட்டனர். மக்கள் நினைவில் அவர்கள் வீரராக அன்றித் தலைகொய்யப்படுபவராக நிற்பது, அரசியல் வரலாற்றில் காணக்கிடைக்காத ஒரு கீழ்நிலைச் சான்று. கண்ணகி மரபிலிருந்து கங்கம்மா வந்தாள் என இங்குக் கூறப்படவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆள்வோன் பெண்ணுக்கு இழைத்த கொடுமை ஊரின் நோயாகும் என்னும் கருத்து, தென்கோடியிலும் வடவேங்கடத்திலும் தனித்தனியே கதையுருப் பெற்றுள்ளது என்பதே கருதத்தக்கது.

காலமும் இக்கருத்தோடு ஒத்துப்போயிற்று. இந்தியாவில் பெரியம்மை வறண்ட வேனிலில் மிகுந்து மழைக்காலத்தில் தணிந்தது. மாரி என்னும் சொல் மழையையும் அம்மனையும் ஒருங்கே சுட்டுவதும், உரைபெறு கட்டுரையில் மழை பெய்தவுடன் நோய் நீங்குவதும் பட்டறிவுக்கு மாறானவை அல்ல.

வீட்டுக்குள் வந்தவள்

ஊர்விழா வருமுன் காப்பு. நோய் வந்தபின் செய்வன வீட்டுக்குரியவை. வாயிலில் வேப்பிலை செருகப்பட்டால் அயலார் வருவதில்லை, வீட்டார் வெளியூர் செல்வதில்லை. தாளிதம் இல்லை, புலால் இல்லை, உரத்த பேச்சு இல்லை. நோயாளி வேப்பிலை மேல் கிடத்தப்பட்டுக் கூழும் இளநீரும் பெற்றார். கொப்புளம் ‘முத்து’ எனப்பட்டது. அது வாடுதல் ‘முத்து இறங்குதல்’. தலைக்குத் தண்ணீர் வார்ப்பதோடு அம்மன் வழியனுப்பப்பட்டாள். அவள் சொரிந்ததும் வார்த்தல், அவளை அனுப்புவதும் வார்த்தல். இறந்தவரைக் ‘குளிர்ந்துவிட்டார்’ என்று கூறும் வழக்கும் உண்டு.

இச்சொற்களை நன்னூல் கூறும் தகுதி வழக்கில் மங்கலத்தின்பாற் படுத்துவது எளிது. செத்தாரைத் துஞ்சினார் என்பது போன்றதே இதுவும் என்பர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மங்கலம் கூறுவோர் இறப்பை அறிந்தே மறைக்கின்றனர். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்போர் எதையும் மறைக்கவில்லை. தாம் கண்டதைக் கூறுகின்றனர். இதனால் நோயாளியின் நிலையே மாறியது. அவர் வருந்துபவர் மட்டும் அல்லர், விருந்தினளைத் தாங்குபவரும் ஆவார். அவர் கேட்டது மறுக்கப்படவில்லை. அவரைக் கடிந்து பேசுதல் அம்மனைக் கடிதலாகும். தழும்போடு எழுந்தவர் பழியோடு எழவில்லை.

இதனைப் போற்றிக்கூறும்போது மறைக்கக்கூடாத மறுபக்கமும் உண்டு. இத்தனை நோன்பையும் சுமந்தவர் வீட்டுப் பெண்கள். முத்து இறங்காதபோது தீட்டுப் பட்டுவிட்டது என்னும் குற்றச்சாட்டும் அவர்கள் மேலேயே விழுந்தது. ஆள்வோனைக் குற்றவாளியாக்கிய கதை, வீட்டுக்குள் நுழைந்தபோது பெண்ணிடம் குற்றம் தேடியது.

எல்லிஸின் புனைவு

1802 ஜூன் 14இல் மும்பையில் ஒரு மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு இந்தியாவின் முதல் பசுவம்மைப் பால் குத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்துசேர்ந்தது. மக்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை என்பது உண்மை. அம்மனின் சினத்துக்கு அஞ்சினர் என்பதும் உண்மை. ஆனால் ஆவணங்கள் அடிக்கடி கூறும் இவ்வொரு காரணத்தின் பின்னால் வேறு சில மறைந்துள்ளன. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினர். யார் குழந்தையின் நீர் யார் குழந்தைக்கு என்பது சாதிப் பிணக்காயிற்று. நீர் கோடையில் கெட்டது. குத்தியும் அம்மை கண்டது. குத்த வந்தவன் வரி தண்டும் அரசின் ஆளாகவே காணப்பட்டான். 1880இல் தடுப்பூசிச் சட்டம் வந்தபின் அச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. 1916இல் தென்னிந்தியச் சிற்றூர்த் தெய்வங்கள் பற்றிய நூலை வெளியிட்ட பேராயர் ஹென்றி வொயிட்ஹெட், இவ்வழிபாட்டில் அச்சத்தையே முதன்மையாகக் கண்டார். அச்சம் எவற்றின் மீதெல்லாம் இருந்தது என்று பிரித்துக் காணவில்லை.

இதற்கெல்லாம் முன்பே அம்மையின் பொருளை உணர்ந்து செயற்பட்ட ஆங்கிலேயர் ஒருவர் தமிழுலகம் நன்கறிந்தவர். சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வொயிட் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் ஓரினம் என்பதை 1816இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில் நிறுவியவர். திருக்குறளுக்கு உரை கண்டவர். பசுவம்மைப் பாலை மக்கள் ஏற்கும்பொருட்டுத் தமிழில் ஒரு புனைவையும் அவர் இயற்றினார். அது சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடல். ஆவின் மடிக் கொப்புளநீர் அம்மனுக்கு எதிரானதன்று, அவள் அருளே என்பது அதன் கருத்து. இப்பனுவலைத் தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அதிகாரி ஒருவர் அம்மனை ஒழிக்க முயலாமல் அவளிடம் இசைவு கேட்டது, சென்னை மாகாண மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்வு.

ஆனால் அப்புனைவுக்கு ஒரு வால் முளைத்தது. 1819 ஜனவரி 12இல் மெட்ராஸ் கூரியர் இதழில் ‘கல்வி விரும்பன்’ என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. பசுவம்மை குத்தும் முறை தன்வந்திரி கூறிய பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என்று அது சாதித்தது. இரண்டு மாதங்களில் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். அந்நூற்பகுதி நன்னோக்கத்தோடு செய்யப்பட்ட போலி என டொமினிக் வுஜாஸ்டிக் தம் ஆய்வில் காட்டியுள்ளார். போலி எனினும் அது வலுவாக வாழ்ந்தது. 1905இல் கிண்டி கிங் நிலையத் திறப்பு விழாவில் ஆளுநர் ஆம்ப்ட்ஹில் பண்டை இந்தியர் தடுப்பூசி அறிந்திருந்தனர் என்று பேசும் அளவுக்கு அது உண்மையாகிவிட்டிருந்தது. இன்று முன்னோர் அறிவியல் என்று பெருமை பேசுவோரிற் சிலர் எடுத்துக்காட்டும் சான்று, மக்களைத் தடுப்பூசிக்கு இசைவிக்க எழுந்த ஒரு புனைவின் எச்சம்.

எல்லிஸ் கண்டது ஒன்று, காணாதது ஒன்று. அம்மனின் பெயரால் பேசவேண்டும் என்பதைக் கண்டார். ஆனால் வடமொழித் தன்வந்திரியை அவளுக்கு ஆசிரியனாகவோ மாணவனாகவோ அமர்த்தியபோது, கூழ் ஊற்றும் பெண்ணின் அம்மனை விட்டுப் புலவரின் சக்தியிடம் சென்றுவிட்டார். பாளையக்காரனின் தலையைக் கொய்தவளுக்குத் தன்வந்திரி யாரோ.

அருகிலிருந்த மற்றொரு நோய்

இதே நிலப்பகுதியில் மற்றொரு தீராநோய் பெற்ற பொருளை ஒப்புநோக்கினால் அம்மையின் தனித்தன்மை தெளிவாகும். தொழுநோயை எந்தத் தாயும் சொரியவில்லை. அது நோயாளியின் முன்வினையாகவே கொள்ளப்பட்டது. காயசண்டிகையின் நோயைப்போல ஒருவருக்கே உரியதாயிற்று. தொற்றும் வலிமையில் பெரியம்மைக்கு அது மிகப் பின்தங்கியது. எனினும் அம்மை கண்டவர் வீட்டின் நடுவே வேப்பிலை மேல் கிடத்தப்பட, தொழுநோயர் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டார். 1898இன் தொழுநோயர் சட்டம் அவ்விலக்குக்கு அரசமைப்பு தந்தது. 1955இல் காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் எழுந்த ஆய்வு மருத்துவமனையும், வேலூரில் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை முறையும் உலகறிந்தவை. 1980களில் கூட்டு மருந்து முறை வந்து நோய் முற்றும் குணமாகக்கூடியதாயிற்று. அச்சட்டமோ 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற விதிகள் 2019இல்தான் அகன்றன. மருந்து கிடைத்தபின்னும் பொருள் மாறவில்லை. மருந்தே கிடைக்காத அம்மைக்கு அத்தகைய பழி எக்காலத்தும் ஏற்படவில்லை. ஒரு நோய்க்குச் சமூகம் தரும் பொருள் அதன் கொடுமையையோ தொற்றையோ பொறுத்ததன்று, குற்றம் யாருடையது என்று அச்சமூகம் கருதுகிறது என்பதைப் பொறுத்தது என்று இதனால் கொள்ளலாம்.

நோய் ஒழிந்தபின்

1980க்குப் பின் கங்கம்மாவுக்கு வேலை இல்லாமற் போயிருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை. அம்மை என்னும் சொல் சின்னம்மை, தட்டம்மை எனப் பிற நோய்களில் வாழ்கிறது. அவை கண்ட வீடுகளில் வேப்பிலை இன்றும் செருகப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பிளேக் நோய்க்கு ஒரு மாரியம்மன் தோன்றியது போல, 2021இல் அதே கோவையை அடுத்த இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைக்கப்பட்டது. ஆனால் இப்புதிய தேவியருக்குப் பாளையக்காரன் இல்லை. நோயைத் தடுக்க மட்டுமே வேண்டப்படும் அவர்களுக்கு யார்மீதும் சினமில்லை.

திருப்பதி, சித்தூர், குப்பம் ஆகிய ஊர்களின் ஜாத்திரைகளில் கதை முழுமையாகவே நடக்கிறது. திருப்பதியில் இறுதி இரவில் கோயில் முன்னே கங்கம்மாவின் பேருருவ முகம் களிமண்ணால் எழுப்பப்படுகிறது. விசுவரூபம் எனப்படும் அம்முகம் நெடுநேரம் நிற்பதில்லை. பாளையக்காரனுக்குக் காட்டிய உரு நிலைத்தால் ஊர் தாங்காது என்பதால் உடனே கலைக்கப்படுகிறது. கூடியிருப்போர் முண்டியடித்து அம்மண்ணில் ஒரு துண்டை எடுத்துச் செல்கின்றனர். பெரியம்மை கண்ட நாள்களில் நோயைத் தணிக்கும் என்று நம்பப்பட்ட மண் அது. அந்நோயை ஒருமுறையும் கண்டிராத தலைமுறையினர் இன்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீடு திரும்புகின்றனர்.